வலி தணிக்கும் இசையை யார் தேர்ந்தெடுப்பது?

இரவுப்பணிச் செவிலி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தீக்காயப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணிபுரியும் செவிலி நான். எங்கள் பிரிவில் நோயாளிகள் விடிந்ததிலிருந்தே அஞ்சிக்கொண்டிருப்பது கட்டு மாற்றும் நேரத்தைத்தான். மருந்து கொடுத்த பிறகும் அந்த அச்சம் முழுவதும் போவதில்லை. தள்ளுவண்டியின் சக்கர ஓசை கேட்டவுடனேயே சிலருக்கு உடல் விறைத்துவிடும்.

அண்மையில் இரு கைகளிலும் தீக்காயம் பட்டிருந்த ஒருவருக்குக் கட்டு மாற்றினேன். அரைமணி நேரத்துக்கு முன்பே வலிநிவாரணி கொடுத்தாகிவிட்டது. தம் கைபேசியில் உள்ள பாடல்களை ஒலிக்க விடலாமா என்று அவரே கேட்டார். கைகளை அசைக்க முடியாத நிலையில் அவருடைய வலது காலின் பெருவிரல் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு தாளம் போட்டது. மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டிருந்த துணியை உப்புநீரில் நனைத்து ஓரத்திலிருந்து மெல்ல உரிக்கத் தொடங்கியபோது அந்த விரல் சட்டென்று நின்றது. நானும் நிறுத்தினேன். சற்று நேரத்தில் விரல் விட்ட இடத்தில் தாளத்தைப் பிடித்துக்கொண்டது, நானும் தொடர்ந்தேன். "வலிக்கிறதா?" என்று ஒருமுறைகூட நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. வலியைப் பத்துக்கு எத்தனை என்று சொல்லச் சொல்வோம் அல்லவா, முந்தைய நாள் ஒன்பது என்றவர் அன்று ஆறு என்றார்.

ஒருவருடைய ஒரு நாள் அனுபவத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதை அறிவேன். ஆனால் இதைக் கேள்விப்பட்ட எங்கள் நிர்வாகம், எல்லா அறைகளிலும் கூரையில் ஒலிபெருக்கி பொருத்திக் காலை முதல் இரவு வரை மென்மையான கருவியிசையை ஒலிக்கச் செய்யலாம் என்று முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறது. நல்ல எண்ணத்தில் எழுந்த திட்டம்தான் என்றாலும், என் மனம் அதை ஏற்கவில்லை. அந்த நோயாளிக்கு உதவியது பொதுவான இசை அன்று, அவருடைய இசை என்றே நினைக்கிறேன். இரண்டு வாரங்களில் கூட்டம் நடக்கவிருக்கிறது. அங்கே எடுத்துச் சொல்லத்தக்க சான்றுகள் உண்டா?

---

மயக்கவியல் மருத்துவர்

உங்கள் கேள்விக்கு நேரடியாக விடை சொல்வதற்கு முன், சான்றுகளில் உங்கள் கருத்துக்குச் சாதகமாக இல்லாததையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்; கூட்டத்தில் வேறொருவர் அதை எடுத்துப் போடுவதைவிட நீங்களே அறிந்திருப்பது நல்லது.

இது புதிய எண்ணம் அன்று. 1914-ஆம் ஆண்டிலேயே எவன் ஓ'நீல் கேன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், அறுவை அரங்கில் கிராமபோன் வைத்து நோயாளிகளின் அச்சத்தைத் தணிப்பது பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அதன்பின் வந்த ஆய்வுகளில் மிகப் பெரிய தொகுப்புகளுள் ஒன்று 2015-இல் லான்செட் இதழில் வெளியானது. 73 சோதனைகளையும் ஏறத்தாழ 7,000 நோயாளிகளையும் உள்ளடக்கிய அத்தொகுப்பின்படி, அறுவைக்கு முன்போ, அறுவையின்போதோ, பின்போ இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. அவர்களுக்குத் தேவைப்பட்ட வலிநிவாரணியின் அளவும் குறைந்தது. ஆனால் மருத்துவமனையில் தங்கும் நாள்கள் குறையவில்லை. இசையை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதால் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை என்பதும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2006-இல் வெளியிட்ட மீளாய்வு 51 ஆய்வுகளை ஆராய்ந்து, பத்துப் புள்ளி அளவுகோலில் இசையால் குறையும் வலி சராசரியாக அரைப் புள்ளி அளவே என்று கண்டது. ஒன்பதிலிருந்து ஆறுக்கு இறங்கியதை எல்லோரிடமும் எதிர்பார்க்கக் கூடாது. மேலும், மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுத்து உண்மையை மறைக்கலாம். பாட்டுக் கேட்பவரிடம் பாட்டுக் கேட்கவில்லை என்று எப்படி மறைப்பது? விழித்திருப்பவரிடம் நடத்தப்படும் எல்லா இசை ஆய்வுகளிலும் இந்தக் குறை இருக்கிறது.

அதனால்தான் 2020-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஜெர்மானிய ஆய்வை நான் மதிக்கிறேன். ஐந்து மருத்துவமனைகளில் 385 நோயாளிகள், முழு மயக்கத்தில் இருக்கும்போது காதில் ஹெட்போன் அணிவிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்குப் பின்னணி இசையோடு ஆறுதலான சொற்கள் ஒலித்தன. மற்றவர்களுக்கு ஒலியே இல்லாத பதிவு. யாருக்கு எது என்பது அறுவைக் குழுவுக்கும் தெரியாது. முதல் 24 மணி நேரத்தில் முதல் பிரிவினருக்குத் தேவைப்பட்ட ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலிநிவாரணி) மருந்தின் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இசையையும் சொற்களையும் அந்த ஆய்வு பிரித்துப் பார்க்கவில்லை என்பதால் முழுப் பெருமையையும் இசைக்குக் கொடுக்க முடியாது. ஆயினும் அந்த ஆய்வைப் படித்த பிறகு, மயங்கிக் கிடப்பவரின் தலைமாட்டில் நாங்கள் என்ன பேசுகிறோம் என்பதில் நான் மிகவும் கவனமாக இருக்கிறேன்.

---

பழைய முதுகுவலி

மருத்துவர் ஐயா சொன்ன எண்களை மறுக்கும் அறிவு எனக்கு இல்லை. நோயாளியின் பக்கத்திலிருந்து ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

முதுகுத்தண்டில் அறுவை செய்துகொண்ட பிறகு மூன்று நாள்கள் நான் படுத்திருந்த அறையில் குழலிசை ஒலித்துக்கொண்டே இருந்தது. யாரோ அன்போடு செய்த ஏற்பாடுதான். ஆனால் ஒலிபெருக்கி கூரையில் இருந்தது, பொத்தான் கதவருகில் இருந்தது, நானோ புரண்டுகூடப் படுக்க முடியாத நிலையில் இருந்தேன். ஒரே தொகுப்பு முடிந்து முடிந்து மீண்டும் தொடங்கும். நான்காவது பாடலின் நடுவில் ஓரிடத்தில் குழல் உச்சிக்கு ஏறும். அந்த இடம் வரப்போகிறது என்று முன்கூட்டியே பல்லைக் கடித்துக்கொள்வேன். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆண்டுகள் பல கடந்துவிட்டன. இன்றும் எங்கேனும் அதைப் போன்ற குழலோசை கேட்டால் என் இடுப்பு தன்னால் இறுகுகிறது.

அதே நான், வீட்டில் வலி கூடும் நாள்களில் எனக்குப் பிடித்த பாடல்களைக் கேட்டபடிதான் நடைப்பயிற்சியை முடிக்கிறேன். இசை உதவுமா உதவாதா என்று பொதுவாகக் கேட்பதைவிட, அதை நிறுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்பதே முதன்மையானது என்பேன். செவிலி அம்மா அந்தக் கூட்டத்தில் வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்ல வேண்டும்.

---

நரம்பியல் மாணவி

முதுகுவலி ஐயா தம் அனுபவத்திலிருந்து சொன்னது, இத்துறையின் வரலாற்றிலேயே மிகச் சுவையான ஒரு பகுதியைத் தொடுகிறது.

1960-இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. வாலஸ் கார்ட்னர் என்ற பல் மருத்துவரும், பின்னாளில் கணினி வலையமைப்பின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்பட்ட ஜே. சி. ஆர். லிக்லைடரும் சேர்ந்து செய்த வேலை அது. பல் சிகிச்சையின்போது நோயாளிக்கு ஹெட்போன் அணிவித்து, கையில் ஒரு சிறு பெட்டியைக் கொடுத்தார்கள். பதற்றம் தணிய இசை. வலி எழும் கணத்தில் அருவி விழுவது போன்ற இரைச்சல். இரண்டின் ஒலியளவையும் நோயாளியே கூட்டிக் குறைக்கலாம். பலருக்கு மரத்துப்போகும் ஊசியே தேவைப்படவில்லை என்று அறிவித்தார்கள். சில காலம் அக்கருவிக்குப் பெரும் வரவேற்பு இருந்தது.

பிறகு 1963-இல் உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக்கும் அவருடைய குழுவினரும் பனிநீரில் கையை அமிழ்த்தி வைக்கும் சோதனையைச் செய்தார்கள். உரத்த ஒலி மட்டும் கேட்டவர்களால் கூடுதல் நேரம் தாங்க முடியவில்லை. ஒலி உதவும் என்ற அழுத்தமான நம்பிக்கையூட்டலும் ஒலியும் சேர்ந்தபோதுதான் தாங்கும் நேரம் நீண்டது. இதே மெல்சாக், பேட்ரிக் வாலுடன் சேர்ந்து 1965-இல் வெளியிட்டதுதான் வலியின் வாயிற்கதவுக் கோட்பாடு: காயத்திலிருந்து கிளம்பும் செய்தி முதுகுத்தண்டில் ஒரு கதவைக் கடந்தே மூளைக்குப் போகிறது, அந்தக் கதவைத் திறக்கவும் சாத்தவும் மூளையிலிருந்து இறங்கிவரும் கட்டளைகளுக்கும் பங்கு உண்டு. கவனம், அச்சம், எதிர்பார்ப்பு, பழைய நினைவு ஆகியவை அந்தக் கட்டளைகளின் வழியாகவே வேலை செய்கின்றன. கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர் பல திருத்தங்களைக் கண்டாலும் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. குழலோசை கேட்டு இடுப்பு இறுகுவதும், தாளம் போடும் விரல் வலியைத் தள்ளி வைப்பதும் இந்த ஒரே கதவின் இரு பக்கங்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

எதிர்ப்பக்கத்துச் சான்று ஒன்றையும் மறைக்கக் கூடாது. 2022-இல் எலிகளிடம் செய்யப்பட்ட ஆய்வொன்றில், சுற்றுப்புற ஒலியைவிட 5 டெசிபல் மட்டுமே கூடுதலாக எந்த ஒலியை எழுப்பினாலும், அது இனிய இசையாக இருந்தாலும் வெற்றிரைச்சலாக இருந்தாலும், வலி உணர்வு குறைந்தது. செவிப் புலத்துக்கான மூளைப் புறணியிலிருந்து, உடலின் உணர்வுச் செய்திகளை வாங்கி அனுப்பும் தலாமசு என்ற மூளைப் பகுதிக்குச் செல்லும் இணைப்பு அடங்குவதே காரணம் என்று காட்டினார்கள். அப்படியானால் சுவையும் தேர்வும் பொருட்டே இல்லையா என்று கேட்கத் தோன்றும். எலிக்குப் பழைய பாடலின் நினைவுகள் இல்லை, மனிதருக்கு உண்டு. 2022-இலேயே அன்றாட வலி உடைய 286 பேரிடம் செய்த ஆய்வில், கேட்கும் இசையின் மீது தமக்குக் கட்டுப்பாடு இருக்கிறது என்று உணரச் செய்யப்பட்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. மருத்துவர் குறிப்பிட்ட 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பு இதற்கு முரணாகத் தெரிந்தாலும், ஆய்வாளர் தயாரித்த சிறு பட்டியலிலிருந்து ஒன்றைத் தொட்டுக் காட்டுவதையும், இருபது ஆண்டுகளாகத் தம்மோடு வாழ்ந்த பாடலைக் கேட்பதையும் ஒரே 'தேர்வு' என்ற சொல்லில் அடக்கினால் வேறுபாடு தெரியாமல் போக வாய்ப்புண்டு என்பது என் கருத்து.

---

அம்மாவின் மகள்

இந்த இழையை முழுவதும் படித்துவிட்டே எழுதுகிறேன். என் சொற்கள் சற்றுக் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாய் புற்றுநோயின் இறுதி மாதங்களில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். எலும்புக்குப் பரவிய வலி. மார்ஃபின் கொடுக்க வேண்டிய நேரம் ஓர் இரவு தாண்டிப்போயிற்று; மருந்தறைச் சாவியை வைத்திருந்தவர் வரவில்லை என்றார்கள். நான் மூன்றாவது முறை போய்க் கேட்டபோது, பணியில் இருந்தவர் மிகவும் இனிமையான குரலில், "அதுவரை அம்மாவுக்குப் பிடித்த பாட்டு ஏதாவது போட்டு விடுங்களேன், மனம் திசைதிரும்பும்" என்றார். அம்மா இசையை உயிராக நேசித்தவர். அன்று நான் பாட்டைப் போட்டபோது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு இறக்கும்வரை அந்தப் பாடலை அவர் கேட்கவே இல்லை.

புற்றுநோய் வலிக்கு மருந்தைக் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும், வலி எழுந்து நோயாளி கெஞ்சும்வரை காத்திருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே வழிகாட்டியது. மருத்துவர் ஐயா குறிப்பிட்ட ஆய்வுகளில் நோயாளிகளுக்கு உரிய மருந்து கிடைத்துக்கொண்டிருந்தது என்பதை யாரேனும் உரக்கச் சொல்லுங்கள். மருந்தோடு சேர்ந்து வந்தால்தான் இசை உதவி. மருந்துக்குப் பதிலாக வந்தால், அது நோயாளியின் கடைசி இன்பத்தையும் பறித்துக்கொண்டு போய்விடும்.

---

மயக்கவியல் மருத்துவர்

அம்மா, நீங்கள் எழுதியது கடுமை அன்று. உங்கள் தாய்க்கு நேர்ந்தது நேர்ந்திருக்கவே கூடாது.

நீங்கள் கேட்டபடியே சொல்கிறேன். நான் மேலே குறிப்பிட்ட சோதனைகளில் ஒப்பிடப்பட்டது வழக்கமான சிகிச்சையையும், அதனோடு இசை சேர்ந்த சிகிச்சையையும்தான். இசையைக் காட்டி வலிநிவாரணியைத் தாமதப்படுத்தவோ குறைக்கவோ எந்த ஆய்வும் எவருக்கும் உரிமை தரவில்லை. மருந்தின் தேவை குறைந்தது என்றால், நோயாளி தாமாகவே குறைவாகக் கேட்டார் என்பதே பொருள்.

---

இசைச் சிகிச்சையாளர்

தாமதமாக வந்தமைக்குப் பொறுத்தருளுங்கள். இங்கே இரண்டு வேறு செயல்கள் ஒன்றாகக் கலந்து பேசப்படுகின்றன. பதிவு செய்த இசையை மருத்துவப் பணியாளர் ஒலிக்க விடுவது ஒன்று. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் நோயாளியின் அருகில் அமர்ந்து, அவருடைய மூச்சையும் முகத்தையும் பார்த்து, அந்தந்தக் கணத்துக்கு ஏற்ப வாசிப்பதும் பாடுவதும் மற்றொன்று. எங்கள் துறையில் இரண்டாவதையே இசைச் சிகிச்சை என்போம்.

வலியில் துடிப்பவருக்கு எடுத்த எடுப்பிலேயே மெல்லிய இசையைக் கொடுப்பது பெரும்பாலும் பலன் தருவதில்லை. மூச்சு வேகமாக இருந்தால் நான் வேகமாகத்தான் தொடங்குவேன். நிமிடத்துக்கு முப்பது முறை மூச்சு வாங்குபவரோடு முதலில் அந்த வேகத்திலேயே சேர்ந்துகொண்டு, இரண்டு மூன்று நிமிடங்கள் கூடவே ஓடி, பிறகு சொற்றொடர்களின் முடிவைச் சிறிது சிறிதாக நீட்டினால், வெளிவிடும் மூச்சும் உடன் நீளத் தொடங்கும். தோள்கள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். கூரையில் இருக்கும் ஒலிபெருக்கியால் ஒருவருடைய தோளைப் பார்க்க முடியாது. செவிலி அம்மா, அன்று நீங்கள் பெருவிரலைப் பார்த்துக் கையை நிறுத்தினீர்கள் அல்லவா, என் தொழிலின் பாதி அதுதான்.

இன்ன நோய்க்கு இன்ன இசை என்றும், 432 ஹெர்ட்ஸில் சுருதி சேர்த்தால் வலி போகும் என்றும் இணையத்தில் உலவும் பட்டியல்களை அருள்கூர்ந்து அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். அவற்றுக்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. அவற்றால் எங்கள் துறையின் உண்மையான பயனும் ஐயத்துக்கு உள்ளாகிறது.

நடைமுறையில் நான் வற்புறுத்துபவை சில உண்டு. முதலில், வேண்டாத பாடல்களைக் கேட்டறிய வேண்டும். கணவரை இழந்த ஒருவருக்கு அவர்களுடைய திருமணத்தில் ஒலித்த பாடலைத் தெரியாமல் போட்டுவிட்டு, என்ன செய்வதென்று அறியாமல் நான் நின்றதுண்டு. அடுத்து, காது கேட்கும் கருவி அணிபவர்களுக்குச் சாதாரண ஹெட்போன் பொருந்தாமல் சீழ்க்கை ஒலி எழுப்பலாம். தீக்காயப் பிரிவில் தொற்று பெரும் கவலை என்பதால், ஹெட்போனை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு அப்படியே மாற்றக் கூடாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒலியை எப்போதும் குறைவாகத் தொடங்கி, நோயாளி கேட்டால் கூட்டுவதே முறை.

---

நரம்பியல் மாணவி

கூரை ஒலிபெருக்கிக்கு எதிராக இன்னொரு வலுவான வாதமும் உண்டு. நோயாளிகள் உறங்கும் அறைகளில் இரவு ஒலி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் பரிந்துரைத்தது. கருவிகளின் எச்சரிக்கை மணிகளும் தள்ளுவண்டிகளும் நிறைந்த பிரிவுகளில் அந்த வரம்பைக் கடைப்பிடிப்பதே அரிது. அதன் மேல் இன்னோர் ஒலியை ஏற்றுவதற்கு முன் இருக்கிற இரைச்சலை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

---

இரவுப்பணிச் செவிலி

கூட்டம் முடிந்தது. கூரை ஒலிபெருக்கித் திட்டத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், கைவிடவில்லை. கட்டு மாற்றும் நேரத்தில் மட்டும், நோயாளி விரும்பினால், அவருடைய கைபேசியிலோ பிரிவின் கருவியிலோ இசை கேட்க ஏற்பாடு செய்து, மூன்று மாதங்களுக்கு வலி எண்ணைக் குறித்துவைக்க ஒப்புதல் கிடைத்திருக்கிறது. மருந்து கொடுத்த நேரத்தை எழுதும் கட்டம் நிரப்பப்படாமல் இசைக்கான கட்டத்தை நிரப்பக் கூடாது என்று படிவத்திலேயே அச்சிடச் சொன்னேன். அந்த வரி இந்த இழையில் எழுதிய மகளுக்காக.

படிவத்தில் மூன்று கேள்விகள் வைத்தோம்: என்ன கேட்க விருப்பம், எது வேண்டவே வேண்டாம், நிறுத்த வேண்டுமென்றால் எப்படிச் சைகை காட்டுவீர்கள். முதல் வாரத்திலேயே ஒரு மூதாட்டி முதல் கேள்விக்கு, "எதுவும் வேண்டாம், சன்னலைத் திறந்து வையுங்கள்" என்று எழுதச் சொன்னார். அதையும் ஒரு தேர்வாகவே பதிவு செய்தோம்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. கட்டுப்பாடு நோயாளியிடம் இருக்க வேண்டும் என்று அத்தனை பேரும் சொன்னீர்கள். எங்கள் நோயாளிகளில் பலருக்கு இரண்டு கைகளும் கட்டுக்குள் இருக்கின்றன. வலியில் குரல் எழும்பாத நேரத்தில் அவர்கள் எப்படிப் பாடலை மாற்றுவார்கள், எப்படி நிறுத்துவார்கள்?

---

இசைச் சிகிச்சையாளர்

கை வழங்காதவர்கள் கணினியை இயக்குவதற்கென்று பெரிய வட்டப் பொத்தான்கள் இருக்கின்றன. மறுவாழ்வுப் பிரிவில் பணிபுரியும் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் கேட்டால் கிடைக்கும். கம்பியில்லாமல் கைபேசியுடன் இணையும் வகையும் உண்டு. ஒருமுறை அழுத்தினால் நிற்கும், இருமுறை அழுத்தினால் அடுத்த பாடல் என்று அமைத்துக்கொள்ளலாம். கட்டிலின் கால்மாட்டில், பாதம் எட்டும் இடத்தில் பொருத்துங்கள்.

---

இரவுப்பணிச் செவிலி

மறுவாழ்வுப் பிரிவிலிருந்து ஒரு பொத்தானை இரவல் வாங்கி நேற்றுப் பொருத்தினோம். முதலில் பயன்படுத்தியவர் நான் தொடக்கத்தில் எழுதிய அதே நோயாளிதான். கட்டு மாற்றும்போது இரண்டு பாடல்களைப் பாதியில் மாற்றினார். மணிக்கட்டுப் பகுதிக்கு நான் வந்தபோது பெருவிரலால் அழுத்தி இசையை முழுவதும் நிறுத்திவிட்டு, "இந்த இடத்தை மட்டும் நான் கவனமாகத் தாண்டிக்கொள்கிறேன், நீங்கள் செய்யுங்கள்" என்றார். அந்தப் பகுதி முடிந்ததும் மீண்டும் அவரே ஒலிக்க விட்டார்.